வன்னிக் கராஜ்களின் வண்டிகள்: சட்டம் காணாத ஒரு தொழில்நுட்பம்

ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளாக மூடப்பட்டிருந்த வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. டொலரைச் சேமிப்பதற்காக 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட தடை அது. தடை நீங்கியபோது பேசப்பட்டவை எல்லாம் வரி எவ்வளவு, விலை எவ்வளவு, கையிருப்பு தாங்குமா என்ற கேள்விகளைச் சுற்றியே இருந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் அனுமதியின்றிப் பூட்டப்பட்ட மேலதிக பாகங்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் ஆரம்பித்தார்கள். பஸ் சங்கங்கள் எதிர்த்தன. பின்னர் கால அவகாசம் கொடுக்கப்பட்டது.

இந்த இரண்டு செய்திகளையும் நான் கிளிநொச்சியில் இருந்துகொண்டு வாசித்தேன். முதலாவது புதிய வாகனம் வாங்கக்கூடியவர்களைப் பற்றியது. இரண்டாவது பெரும்பாலும் அலங்காரத்துக்காக மாற்றப்பட்ட வாகனங்களைப் பற்றியது. உயிர்வாழும் தேவைக்காக மாற்றப்பட்ட வாகனங்கள் இரண்டிலும் இல்லை. ஆனால் ஏ9 வீதியை விட்டு இறங்கி இரண்டு, மூன்று கிலோமீற்றர் உள்ளே போனால், வயலுக்கும் குளத்துக்கும் காட்டோரக் காணிக்கும் போய்வருபவை அந்த வண்டிகள்தான். பழைய எஞ்சினும் வேறொரு வாகனத்தின் அச்சும் கராஜில் ஒட்டிய சட்டமும் சேர்ந்தவை. அவற்றில் சில மிக நன்றாகச் சிந்தித்துச் செய்யப்பட்டவை. சில ஆளைக் கொல்லக்கூடியவை. இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்களிடம் ஒரு முறை இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை பேசும் பிரச்சினை.

தெற்கில் பாதையில்லாத இடங்களில் ஜீப் ஓட்டுவது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. சேற்றுக்கான பெரிய ரயர், ஆறு கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமலிருக்க உயர்த்திக் கட்டிய காற்றுக் குழாய், புதைந்தால் இழுத்தெடுக்க முன்னால் பூட்டிய வின்ச் என்று அந்த ஜீப்களுக்குச் செலவு செய்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. ஆனால் அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிப் போகின்ற பாதை, வன்னியின் உட்கிராமங்களில் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் பாதை.

மண்ணெண்ணெய் கற்பித்த பாடம்

எங்கள் ஊர்களில் வாகனத்தை மாற்றியமைக்கும் அறிவு எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்ள 1990க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதோடு வடக்குக்கான பொருளாதாரத் தடையும் இறுகியது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. வன்னியில் இந்த நிலை 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கை வரை நீடித்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்காக ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அது மண்ணெண்ணெயில்தான் ஓடியது. குளிர்ந்திருக்கும் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆகவே தீப்பிடிக்காது. அதனால் ஒரு சிறு போத்தலில் பொன்போலப் பாதுகாத்து வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சத்தை மெல்லிய குழாயால் காபரேட்டருக்குள் ஊதிவிட்டு ஸ்ராட் செய்வார்கள். சில நிமிடங்கள் அதில் ஓடி எஞ்சின் சூடேறிய பிறகு தாங்கியின் மண்ணெண்ணெய் போய்ச் சேரும். வெள்ளைப் புகையும் கண்ணைக் கரிக்கும் மணமும் வரும். ஆனால் ஓடும்.

அடுத்த சிக்கல் எஞ்சின் தட்டுவது. மண்ணெண்ணெய் பெற்றோலைவிட விரைவாகத் தானே பற்றிக்கொள்ளும் தன்மை கொண்டது. எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் இறுக்கி அமுக்கினால் பொறி வரும் முன்னரே வெடித்து உள்ளே அடிக்கும். இதற்குக் கராஜ்காரர் கண்ட வழி, எஞ்சின் தலையின் கீழ் இன்னொரு காஸ்கட் வைத்து உள்ளிடத்தைக் கொஞ்சம் கூட்டுவது. அமுக்கம் குறையும், இழுவையும் குறையும், ஆனால் தட்டாது. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும் என்பதால் ஒயிலை அடிக்கடி பார்க்க வேண்டும். பிளக்கில் கரி பிடிக்கும் என்பதால் அதைக் கழற்றும் சாவி எப்போதும் சேட்டுப் பையிலோ இருக்கையின் கீழோ இருக்கும். இவை எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்தவை அல்ல. ஓடவைத்து, பழுதாக்கி, திருத்திக் கற்றவை.

யாழ்ப்பாணத்தின் ஒஸ்டின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் இந்தக் காலத்தைத் தாண்டியதற்கும் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னான பிரித்தானியாவில் 1953 வரை தரங்குறைந்த பொதுப் பெற்றோல்தான் விற்கப்பட்டது. அந்த எரிபொருளுக்கு ஏற்றபடி அமுக்கம் குறைந்த எஞ்சின்களோடு வடிவமைக்கப்பட்ட கார்கள் அவை. ஒரு தேசத்தின் போர்க்காலத் தட்டுப்பாட்டுக்காகச் செய்யப்பட்ட கார், நாற்பது ஆண்டுகளின் பின் இன்னொரு மக்களின் போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஓடியது. அதை ஓடவைத்தது எங்கள் கராஜ்காரர்களின் கை.

2022இல் முழு நாடும் எரிபொருள் வரிசையில் நின்றது. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. மீனவரும் சிறு விவசாயியும் தடுமாறினார்கள். தட்டுப்பாட்டில் வண்டியை எப்படி ஓடவைப்பது என்று பன்னிரண்டு ஆண்டுகள் படித்த ஒரு சமூகம் இந்த நாட்டில் இருக்கிறது என்ற எண்ணம் அப்போதுகூடக் கொள்கை வகுப்பவர்களுக்கு வரவில்லை.

லான்ட்மாஸ்டர் சுமந்த ஊர்

வன்னியில் 'லான்ட்மாஸ்டர்' என்றால் இரண்டு சில்லு உழவு இயந்திரம். அது முதலில் ஒரு பிரித்தானியக் கம்பனியின் பெயர். யப்பானிய, சீன இயந்திரங்கள் வந்த பிறகும் பெயர் மாறவில்லை. ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், பட்டியால் சுழலும் கியர் பெட்டி, இரண்டு நீண்ட கைபிடிகள், பின்னால் கொழுவிய பெட்டி. வேகம் இல்லை. ஆனால் எடை குறைவு, கியர் மிகத் தாழ்வு, ரயரில் ஆழமான பல். சேற்றில் போக ஒரு வண்டிக்கு வேண்டிய குணங்கள் இவைதான். ரயரைக் கழற்றி இரும்புக் கூட்டுச் சில்லைப் பூட்டினால் உழுத வயலுக்குள்ளும் இறங்கும்.

எங்கள் நிலத்தின் தன்மை ஓர் இடத்துக்கு ஓரிடம் வேறு. செம்மண் மழையில் சறுக்கும். முருங்கன் பக்கத்துக் கரிய களி, நனைந்தால் சில்லோடு ஒட்டி உருண்டு வண்டியையே நிறுத்தும். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்குக் கரைகளில் மணல் விழுங்கும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையில் இந்த மூன்றும் ஒருசேரக் கெடும். களிக்கு ஏற்ற ரயர் மணலுக்கு ஏற்காது. மணலில் காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டும், களியில் பல்லிடுக்கில் மண் நிற்காத ரயர் வேண்டும். எந்த ஊருக்கு எது வேண்டும் என்பது அந்தந்த ஊர்க் கராஜுக்குத் தெரியும். இறக்குமதியாளருக்குத் தெரியாது.

2008, 2009இல் எங்கள் சனத்தைச் சுமந்ததும் இந்த வண்டிகள்தான். மன்னார்ப் பக்கத்திலிருந்து கிளிநொச்சிக்கு, 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தபோது அதற்கு முன்பே தர்மபுரம், விசுவமடுப் பக்கம், அங்கிருந்து புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். கூரைத் தகரம், நெல் மூட்டை, தண்ணீர்ப் பம்பி, கிழவி, கைக்குழந்தை, காயக்காரர் எல்லாரும் ஒரே பெட்டியில். ஒவ்வொரு இடப்பெயர்விலும் பெட்டியில் இருந்த சாமான் குறைந்தது. கடைசியில் பெட்டியும் வண்டியும் அங்கேயே விடப்பட்டன. எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்த அந்த வாகனங்களின் படங்களைப் பார்க்காதவர்கள் எங்களில் குறைவு.

மீள்குடியேறிய பிறகு பலர் பழைய இரும்பிலிருந்துதான் மீண்டும் தொடங்கினார்கள். ஒருவருடைய எஞ்சின், இன்னொருவருடைய கியர் பெட்டி, எங்கோ கிடந்த பெட்டியின் அச்சு. வண்டி எழுந்து நின்றது. ஆனால் அதன் பதிவுப் புத்தகம் நந்திக்கடல் பக்கம் எங்கோ போய்விட்டது. எஞ்சின் இலக்கம் ஒன்று, சட்டத்தின் இலக்கம் வேறொன்று. சட்டத்தின் பார்வையில் அப்படி ஒரு வண்டி இல்லை.

ஒரு வண்டியை எடுத்துப் பார்ப்போம்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு வண்டியை எடுத்துக்கொள்வது நல்லது. கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்த ஒரு விவசாயி இருக்கிறார். 2009இல் செல் பட்டது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும். வயல், வீட்டிலிருந்து நான்கு கிலோமீற்றர். அதில் பாதி குளக்கட்டு. செயற்கைக் காலோடு நான்கு கிலோமீற்றர் கட்டில் நடக்க முடியாது. பக்கச் சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டர் தார் வீதிக்கு நல்லது. கட்டின் ஓரச் சரிவில் ஒரு பக்கச் சில்லு அந்தரத்தில் நிற்கும், கவிழும்.

அவருக்காக ஊர்க் கராஜில் ஒரு லான்ட்மாஸ்டர் மாற்றப்பட்டது. அறுபதை நெருங்கிய கராஜ்காரர் அதை எனக்குக் காட்டி விளங்கப்படுத்தினார்.

முதலாவது, பிரேக். பெட்டியின் பிரேக் வலது காலால் மிதிக்கும் பெடல். அதை எடுத்துவிட்டு, பழைய லொறி ஒன்றின் கைப்பிரேக் நெம்பைக் கம்பியோடு பூட்டியிருந்தார். பல்லில் விழுந்து நிற்கும் நெம்பு என்பதால் சரிவில் விட்டுவிட்டு இறங்கினாலும் வண்டி உருளாது. இரண்டாவது, ஸ்ராட். குனிந்து ஒரு கையால் நெம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாரமான சக்கரத்தைச் சுற்றி, சரியான கணத்தில் நெம்பை விட வேண்டும். இரண்டு காலும் ஊன்றாமல் அதைச் செய்தால் திருப்பி அடிக்கும், கை முறியும். ஆகவே கார் ஒன்றின் ஸ்ராட் மோட்டரையும் பற்சக்கர வளையத்தையும் பூட்டினார். மொத்த வேலையில் பாதிக்கு மேல் செலவு அதற்கே போனது. மூன்றாவது, இருக்கை. வளைவில் நீண்ட கைபிடி பக்கவாட்டில் வீசும். கால் ஊன்றிச் சமாளிக்க முடியாதவர் தூக்கி எறியப்படுவார். அதற்காக முதுகும் பக்கமும் உள்ள இருக்கை, இடுப்புப் பட்டியோடு. நான்காவது, பெட்டியின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் ஒளிதெறிக்கும் தகடும்.

"தம்பி, வண்டி செய்தவன் நல்ல வயலையும் ரெண்டு காலையும் நினைச்சுச் செய்தவன். நாங்கள் இவரையும் இந்தக் கட்டையும் நினைச்சுத் திருத்துறம்" என்றார்.

இதில் நான் கவனித்த இன்னொன்று, அவர் செய்ய மறுத்த வேலை. குளக்கட்டிலிருந்து இறங்கும் செங்குத்தான வழியால் போகக் கூடுதல் வேகக் கியர் வேண்டும் என்று விவசாயி கேட்டிருக்கிறார். கராஜ்காரர் முடியாது என்றார். லான்ட்மாஸ்டரை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: தட்டையில் இடது கிளச்சைப் பிடித்தால் இடது பக்கம் திரும்பும். பாரத்தோடு இறக்கத்தில் போகும்போது பெட்டி பின்னாலிருந்து தள்ளுவதால் அதே கிளச் வண்டியை வலது பக்கம் கொண்டுபோகும். வேகத்தில் இதை மறந்தால் கட்டிலிருந்து கவிழ வேண்டியதுதான். "அண்ணை, இறக்கத்திலை கிளச் பிடிக்காதேங்கோ, கையாலை தள்ளித் திருப்புங்கோ" என்று நான் நிற்கும்போதே அவருக்கு மறுபடியும் சொன்னார். வண்டியின் எல்லை எது என்று தெரிந்தவர்தான் அதை மாற்றத் தகுதியானவர்.

ஸ்ராட் மோட்டர் பூட்டிய செய்தி பரவிய பிறகு அவரிடம் வந்தவர்களில் காலிழந்தவர்கள் மட்டும் இல்லை. கணவனை இழந்த, அல்லது காணாமலாக்கப்பட்ட கணவனைத் தேடிக்கொண்டே வயலையும் பார்க்கும் பெண்களும் வந்தார்கள். கையால் சுற்றி ஸ்ராட் செய்யும் பாரம், அவர்கள் ஒவ்வொரு காலையும் பக்கத்து வீட்டு ஆண்பிள்ளையை எதிர்பார்க்க வைத்திருந்தது. ஒரு பழைய மோட்டர் அந்தத் தங்கியிருத்தலை நீக்கியது.

அந்த விவசாயி பதிவைத் திருத்த ஓர் அலுவலகத்துக்குப் போனார். புத்தகம் கேட்டார்கள், இல்லை. பாகங்களின் பற்றுச்சீட்டுக் கேட்டார்கள். பழைய இரும்புக் கடையில் யார் பற்றுச்சீட்டுத் தருவார்கள்? திரும்பி வந்துவிட்டார். இப்போது பிரதான வீதியைக் கடக்கும்போதெல்லாம் பயந்து கடக்கிறார்.

இன்னொரு பக்கம்

இந்த வண்டிகளைப் புகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையல்ல. இதே மாவட்டத்தில், ஸ்ரியரிங் தண்டு முறிந்த இடத்தை வெறும் ஒட்டு வைத்து ஓட்டும் வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குப் பிரேக்கே இல்லாமல் நெல்லும் ஆட்களும் ஏற்றிப் போகிறார்கள். இரவில் விளக்கில்லாமல் ஏ9இல் ஊரும் பெட்டிக்குப் பின்னால் வேகமாக வரும் மோட்டார் சைக்கிள் போய் மோதுவது எங்களுக்குப் பழகிப்போன மரணச் செய்தி. இறப்பவர் பெரும்பாலும் இளைஞர். போரில் தப்பிய குடும்பம் ஒன்று ஒரு சிவப்பு விளக்கு இல்லாததால் பிள்ளையை இழக்கிறது.

காப்புறுதியும் சேர்ந்தே வரும் பிரச்சினை. பதிவில் உள்ளதற்கு மாறாக மாற்றப்பட்ட வண்டி விபத்துக்குள்ளானால் நட்டஈடு கேட்பது கடினம். அடிபட்டவரும் எங்கள் ஊரவர், இடித்தவரும் எங்கள் ஊரவர். இருவருக்கும் எதுவும் கிடைக்காது. ஆகவே சட்டம் வேண்டாம் என்பது எங்கள் நலனுக்கான வாதமாக இருக்க முடியாது. எந்தச் சட்டம் என்பதுதான் கேள்வி.

மற்ற நாடுகள் என்ன செய்தன

வறிய விவசாயிகள் தாங்களே கட்டிய வண்டி ஆசியா முழுவதும் உண்டு. வியட்நாமில் 'கொங் நொங்' என்று அழைக்கப்பட்ட வீட்டுத் தயாரிப்பு வண்டிகளை 2008 ஜனவரி 1இலிருந்து வீதியில் ஓடக்கூடாது என்று அரசு நிறுத்தியது. இந்தியாவில் நீரிறைக்கும் டீசல் எஞ்சினை வைத்துக் கட்டிய 'ஜுகாட்' வண்டிகள், மோட்டார் வாகனச் சட்டத்தின் அர்த்தத்தில் மோட்டார் வாகனங்களே என்றும், பதிவும் காப்புறுதியும் இல்லாமல் ஓட முடியாது என்றும் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்தத் தீர்ப்பின் பின்னணியில் விபத்தில் சிக்கியவர்களின் நட்டஈட்டுக் கேள்வி இருந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

பிலிப்பைன்ஸின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்களை நீட்டி, இருக்கை பூட்டி, பயணிகள் வண்டியாக்கினார்கள். அந்த 'ஜீப்னி' நாட்டின் அடையாளமானது. 2017இல் அரசு நவீனமயமாக்கல் திட்டத்தைக் கொண்டுவந்து பழையவற்றை அகற்ற முனைந்தபோது, புதிய வண்டியின் கடனைத் தாங்க முடியாது என்று சாரதிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாதுகாப்பு என்ற நியாயமான காரணமும், செலவை யார் சுமப்பது என்ற நியாயமான கேள்வியும் அங்கே நேருக்குநேர் நிற்கின்றன.

பிரித்தானியா வேறொரு வழியைக் காட்டுகிறது. ஒருவர் தன் வீட்டுக் கொட்டிலில் கட்டிய காரையும், பெரிதாக மாற்றிய வாகனத்தையும் தனித்தனியே பரிசோதித்து அங்கீகரிக்கும் முறை 2009இலிருந்து அங்கே உண்டு. யார் செய்தது என்பதல்ல அங்கே கேள்வி. பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, ஸ்ரியரிங் உறுதியா என்று பார்த்து, சரியென்றால் கடதாசி தருகிறார்கள். பிழையென்றால் எது பிழை என்று எழுதித் தருகிறார்கள். திருத்திக்கொண்டு மீண்டும் வரலாம்.

இலங்கையின் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். வாகனத்தின் எஞ்சினையோ அமைப்பையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். லான்ட்மாஸ்டர் ஓட்ட ஜி1 என்று தனியான சாரதி அனுமதி வகையும் உண்டு. ஆக வழி ஏட்டில் இருக்கிறது. ஆனால் அந்த வழி, கையில் புத்தகமும் பற்றுச்சீட்டும் ஒரே வண்டிக்குரிய இலக்கங்களும் உள்ள ஒருவரை நினைத்து அமைக்கப்பட்டது. இடம்பெயர்ந்து, எரிந்து, பொறுக்கிச் சேர்த்த ஒருவரை நினைத்து அல்ல.

எதை நினைவில் வைத்திருக்கிறார்கள்

ஆனையிறவில் ஏ9 வீதியோரம் இரும்புத் தகடுகள் பொருத்தப்பட்ட ஒரு புல்டோசர் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 1991 ஜூலைச் சண்டையில் புலிகள் பயன்படுத்திய, உள்ளூரில் மாற்றப்பட்ட வாகனம் அது. அதைத் தடுத்து உயிரிழந்த இராணுவச் சிப்பாயின் நினைவிடமாக அது பேணப்படுகிறது. தெற்கிலிருந்து வருபவர்கள் இறங்கிப் பார்த்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் பகுதியில் மாற்றியமைக்கப்பட்ட வாகனம் ஒன்று அரசால் பாதுகாத்து வைக்கப்பட்டிருப்பதென்றால் அது இதுதான். மண்ணெண்ணெயில் ஓடிய எம்.டி. 90க்கோ, காயக்காரரைச் சுமந்த லான்ட்மாஸ்டருக்கோ எங்கும் இடமில்லை. இதன் விளைவு அடையாளத்தோடு நின்றுவிடுவதில்லை. வன்னியில் ஒருவர் இரும்பை ஒட்டி எதையாவது செய்தால் அது சந்தேகத்துக்குரியது என்ற மனநிலையைப் போர் விட்டுச்சென்றிருக்கிறது. கராஜ்காரர்கள் பலர் தாங்கள் அந்தக் காலத்தில் செய்த வேலைகளைப் பற்றிப் பேசவே தயங்குகிறார்கள், பொதுமக்களின் வண்டியைத் திருத்திய கதையைக்கூட. அவர்கள் வயதாகி மறையும்போது அறிவும் கூடவே போகிறது.

என்ன கேட்கலாம்

புதிய சட்டம் ஒன்றுக்காகப் பத்தாண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை. இருக்கும் கட்டமைப்புக்குள்ளேயே நான்கு விடயங்களைக் கேட்கலாம்.

ஒன்று, போரில் ஆவணம் இழந்த உழவு இயந்திரங்களுக்கும் பெட்டிகளுக்கும் ஒரு காலவரையறைக்குள் பதிவை ஒழுங்குபடுத்தும் வாய்ப்பு. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் சத்தியக் கடதாசியும் பிறப்புச் சான்றிதழுக்கும் காணிக்கும் போதுமானவையாக இருந்திருக்கின்றன. ஒரு லான்ட்மாஸ்டருக்கும் போதுமாக இருக்கலாம். திருட்டு வாகனம் நுழையும் என்ற அச்சம் நியாயமானது. இலக்கங்களைப் பொலிஸ் பதிவோடு ஒப்பிட்டு அதைத் தடுக்கலாம்.

இரண்டு, பிரதேச செயலகங்களுக்கு வந்து நடத்தப்படும் நடமாடும் பரிசோதனை. பிரேக், விளக்கு, ஸ்ரியரிங், கொழுவி என்ற நான்கை மட்டும் பார்த்தாலே பெரும்பாலான மரணங்களைக் குறைக்கலாம். நாரஹேன்பிட்டிக்கும் வேரஹெரவுக்கும் ஒரு லான்ட்மாஸ்டரைக் கொண்டுபோக யாராலும் முடியாது.

மூன்று, மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றப்படும் வண்டிகளுக்குத் தனி வகையும் உதவித்தொகையும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் எங்களிடம் இருக்கிறது. ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. சக்கர நாற்காலி கொடுத்துப் படம் எடுப்பதோடு அந்தக் கடமை முடியாது. கிறவல் வீதியில் சக்கர நாற்காலி வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

நான்கு, கராஜ்காரரின் அறிவுக்குச் சான்றிதழ். பல ஆண்டு வேலை அனுபவத்தைப் பரிசோதித்து என்.வி.கியூ. தகைமை வழங்கும் முறை ஏற்கெனவே உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன. அவற்றின் மாணவர்கள் இந்தக் கராஜ்களுக்கு வந்து ஒட்டின் பலத்தை அளக்கலாம், பிரேக்கின் தூரத்தைக் கணக்கிடலாம், நல்ல மாற்றங்களை வரைபடமாக்கலாம். கைப்பிரேக்கும் ஸ்ராட் மோட்டரும் பூட்டும் முறைக்கு ஒரு நம்பகமான வரைபடம் இருந்தால் அடுத்த கராஜ் அதையே செய்யும். பரிசோதகரும் எதைப் பார்க்க வேண்டும் என்று அறிந்திருப்பார்.

இவற்றை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது என்பதும் ஒரு பிரச்சினைதான். வாகனங்களின் ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் மாகாணத்துக்குரிய விடயம். ஆனால் 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; அதன் பிறகு தேர்தல் நடத்தப்படவில்லை. அதிகாரப் பகிர்வு என்றால் பொலிஸ், காணி என்றே பேசிப் பழகிவிட்டோம். ஒரு மாகாணம் தன் மண்ணுக்கு ஏற்ற வண்டியைத் தானே பரிசோதித்து ஏற்றுக்கொள்வதும் அதிகாரப் பகிர்வுதான். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் இதை ஒரு நிகழ்ச்சிநிரல் விடயமாக வைக்கலாம். விவசாய அமைப்புகளும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளும் சேர்ந்து கேட்டால் அது இன்னும் வலுவாகும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் நாட்டை அழித்தன. வெள்ளம் வரும் ஒவ்வொரு முறையும் எங்கள் பகுதியில் சனத்தை ஏற்றி மேட்டுக்குக் கொண்டுவருபவை உழவு இயந்திரங்கள். அந்த நேரத்தில் யாரும் பதிவுப் புத்தகம் கேட்பதில்லை. தண்ணீர் வற்றிய பிறகும் அந்த வண்டிகள் ஓட வேண்டும். வயல் விதைக்க வேண்டும், அறுத்த நெல் வீடு வர வேண்டும். அதற்கு அவற்றின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும், அவற்றை ஓட்டுபவரின் சேட்டுப் பையில் ஒரு செல்லுபடியான கடதாசியும் இருக்க வேண்டும். விளக்கைப் பூட்டும் வேலையைக் கராஜ்கள் பார்த்துக்கொள்ளும். கடதாசியைக் கொடுக்க வேண்டியது அரசு.